78,000 ரூபாய் மானியம்: முழுசாக வாங்கினால் லாபமா?

மாடியில் சோலார் பேனல் வைக்கும் வீடுகளுக்கு ஒன்றிய அரசு மானியம் தரும் ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. அதாவது 2027 மார்ச் 31. நாள் நெருங்குவதால் வாசகர் கடிதங்களில் பதற்றம் தெரிகிறது. பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: “78,000 ரூபாயையும் முழுசாக வாங்க என்ன வழி?”

வழி எளிது: மூன்று கிலோவாட் பேனல் போட்டால் முழுத் தொகையும் கிடைக்கும். ஆனால் தமிழ்நாட்டில் நடுத்தர அளவில் கரன்ட் செலவாகும் ஒரு வீடு அந்த முழுத் தொகைக்கு ஆசைப்பட்டால், கைக்காசுதான் தேவையில்லாமல் மாடியில் முடங்கும். இதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மானியம் படிப்படியாகக் குறைகிறது. முதல் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டாவதற்கு இன்னொரு 30,000, மூன்றாவதற்கு 18,000. நான்காவதிலிருந்து ஒன்றும் இல்லை. முதல் இரண்டு கிலோவாட்டுக்குச் செலவில் 60 சதவீதம், மூன்றாவதற்கு 40 சதவீதம் தருவதாக அரசு சொல்கிறது. இந்தச் சதவீதத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது அரசு தானாக வைத்துக்கொண்ட அடிப்படை விலையின் சதவீதம்: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதற்கு 45,000. உங்கள் கையில் இருக்கும் கொட்டேஷனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்று கிலோவாட்டுக்கு 1,90,000 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், 78,000 என்பது அதில் 41 சதவீதம்தான்.

விலை ஏறுவதற்குக் காரணங்கள் உண்டு. மானியம் வேண்டுமென்றால் செல், பேனல் இரண்டுமே இந்தியாவில் தயாரானவையாக இருக்க வேண்டும். இறக்குமதி செல்லில் செய்த பேனலைவிட இவை விலை கூடுதல். துணி காயப்போடவும் வடகம் பிழியவும் மாடி வேண்டும் என்பதால் நம் ஊரில் ஆள் நின்று நடமாடும் உயரத்துக்கு இரும்புச் சட்டம் கேட்கிறோம். அதற்குத் தனிக் காசு. வாசகர் ஒருவர் அனுப்பிய கொட்டேஷனில் ‘மானியம் போக விலை’ மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. சட்டம், கூடுதல் கேபிள், எர்த்திங், நெட் மீட்டர் ஆகியவை ‘தனி’ என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தன. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பொடி எழுத்துகளுக்கும் தொகை எழுதி வாங்குங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. மானியம் ரூபாயாக நிலையாக இருப்பதால், பில்லை ஊதிப் பெருக்கி அரசிடம் கூடுதலாகக் கறக்க முடியாது. நீங்கள் பேரம் பேசிக் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கே மிச்சம். மூன்று நான்கு இடங்களில் விலை கேட்பது இதனால்தான் முக்கியம்.

இனி நம் மின் கட்டணத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். 2024 ஜூலை கட்டண விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, அதற்கு மேல் 800 வரை 9.45.

இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓடும் வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏசி, ஃப்ரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின் இருக்கும் சாதாரண வீடுதான். இப்போதைய பில் 3,825 ரூபாய். ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட், இரண்டு மாதத்துக்குச் சுமார் 240 யூனிட் தரும். முதல் கிலோவாட் வைத்ததும் கணக்கு 460 யூனிட்டுக்கு இறங்கிவிடும், பில் 1,553 ரூபாய். மிச்சம் 2,272. இரண்டாவது கிலோவாட் வந்தால் 220 யூனிட், பில் 329. இதில் மிச்சம் 1,224. மூன்றாவது வந்தால் பில் பூஜ்யம். மகிழ்ச்சிதான், ஆனால் அந்த மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தியது வெறும் 329 ரூபாய். மின் கழகம் தனியே வாங்கும் கட்டணங்களை இதில் சேர்க்கவில்லை.

முதல் கிலோவாட்டுக்கு 75,000, இரண்டாவதற்கு 60,000, மூன்றாவதற்கு 55,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக முதல் கிலோவாட்டுக்குக் கையிலிருந்து போடும் 45,000 ரூபாய் மூன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும். இரண்டாவதற்குப் போடும் 30,000 சுமார் நான்கு வருடத்தில் திரும்பும். மூன்றாவதற்குப் போடும் 37,000 ரூபாய் திரும்பப் பதினெட்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டியிருக்கும்.

முதல் கிலோவாட்டுக்கு மானியமும் அதிகம், அது வெட்டுவதும் விலை கூடிய யூனிட்டுகளை. மூன்றாவதற்கு மானியமும் குறைவு, அது வெட்டுவதோ பெரும்பாலும் 2.35 ரூபாய் யூனிட்டையும் ஏற்கெனவே இலவசமாக வரும் யூனிட்டையும். மேலிருந்து கீழே இறங்கும் இரண்டு படிக்கட்டுகள் ஒரே இடத்தில் தரையைத் தொடுகின்றன. அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது உங்கள் பொறுப்பு. சொல்ல ஆள் வரமாட்டார்கள். திட்டத்தின் அதிகாரபூர்வ அட்டவணை மாதம் 300 யூனிட்டுக்கு மேல் செலவாகும் வீட்டுக்கு மூன்று கிலோவாட்டுக்கு மேல் போடச் சொல்கிறது. நாம் கணக்குப் போட்ட வீடு மாதம் 350 யூனிட் வீடு. நாடு முழுவதற்கும் ஒரே அட்டவணை என்பதால் நம் ஊர் இலவச யூனிட் அதற்குத் தெரியாது.

இன்னும் மோசமான உதாரணம், இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. பில் 1,175 ரூபாய். அட்டவணை இதற்கு இரண்டிலிருந்து மூன்று கிலோவாட் பரிந்துரைக்கிறது. முதல் கிலோவாட்டே பில்லை 141 ரூபாய்க்குக் கொண்டுவந்துவிடும். இரண்டாவது கிலோவாட் அந்த 141 ரூபாயைத் துடைப்பதற்கு மட்டும்தான். மாறாக, ஆயிரம் யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கும், மின்சார ஸ்கூட்டரோ இன்னொரு ஏசியோ வாங்கப்போகும் வீடுகளுக்கும் மூன்று கிலோவாட் தாராளமாகக் கட்டுப்படியாகும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடுகள். திட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘இலவச மின்சாரம்’ இருக்கிறது. ஆனால் இந்தப் பணம் முதலில் போய்ச் சேருவது அதிகக் கரன்ட் செலவழிக்கும் வீட்டுக்கு. நூறு யூனிட்டுக்குள் வாழும் குடும்பத்துக்கு இப்போதே பில் இல்லை. பேனல் வைத்தால் மிச்சமாகவும் ஒன்றும் இல்லை. போதாததற்கு, மானியம் வருவது பேனல் பொருத்தி, நெட் மீட்டர் மாட்டி, மின் கழகம் சோதித்து, இணையத்தில் சான்று ஏறிய பிறகு. அதுவரை முழுத் தொகையையும் போட்டுக் காத்திருக்கத் தெம்பு உள்ளவருக்குத்தான் இது வசதி.

மாற்று வழி திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மின் விநியோக நிறுவனமோ மாநில அரசின் அமைப்போ தானே முன்னின்று வீடுகளைத் தொகுத்துப் பேனல் வைக்கலாம் என்று விதிமுறை அனுமதிக்கிறது. தமிழ்நாட்டில் ஏழை வீட்டின் 100 யூனிட்டுக்கு விலை கொடுப்பது மாநில அரசு. அந்தக் கூரையில் பேனல் வைத்தால் மிச்சமாவது அரசுப் பணம். அப்படியானால் முதலீட்டையும் அரசே செய்வதுதான் முறை. உத்தரப் பிரதேசம் தன் பங்காக 30,000 ரூபாய் வரையும், ஒடிசா மூன்று கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் ஒன்றிய மானியத்துக்கு மேல் சேர்த்துத் தருகின்றன. 2013-லேயே கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்த மாநிலம் நம்முடையது. இன்று பின்தங்கி நிற்க வேண்டியதில்லை.

மற்ற கேள்விகள்.

விண்ணப்பம் போட்டு வைத்தால் இடம் உறுதியா? இல்லை, ஓடத் தொடங்கிய பேனலுக்குத்தான் மானியம், அதனால் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள்.

கடன்? அரசு வங்கிகளில் மூன்று கிலோவாட் வரை ஈடு இல்லாமல் கிடைக்கும். வட்டி ரெப்போ விகிதத்தை ஒட்டியது. நிறுவனம் காட்டும் தவணைத் திட்டத்துக்கு முன் வங்கியில் கேளுங்கள்.

மின் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. முதலில் பெயர் மாற்றம், பிறகு விண்ணப்பம்.

சாத்தியக்கூறு ஆய்வு வேண்டும் என்று இழுத்தடிக்கிறார்கள். 2024-இல் திருத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி பத்து கிலோவாட் வரை தேவையில்லை. எழுத்தில் கேளுங்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பு? பொது விளக்கு, லிஃப்ட், மோட்டார் போன்றவற்றுக்குச் சங்கத்தின் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய்.

விவசாய பம்ப்செட்? அது வேறு திட்டம். வேளாண் பொறியியல் துறையில் விசாரியுங்கள்.

கரன்ட் போனால் சோலார் ஓடுமா? பேட்டரி இல்லாமல் ஓடாது. லைன்மேனின் உயிரைக் காக்க அது தானாக நின்றுவிடும்.