மருந்துச் சீட்டுக்கு முன்னர்

வைத்தியரிடம் வருவோர் எல்லோரும் தம் துன்பத்தின் உண்மைப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒருவர் தலைவலி என்பார். மற்றொருவர் உறக்கமில்லை என்பார். பரிசோதித்தால், அவர்களுட் சிலருக்கு உடலிற் குறையொன்றும் தென்படாது. வீட்டில் நேர்ந்த மரணம், கடன், மணமுறிவு, வேலையிழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று அத்தலைவலியின் பின்னே நிற்கும். நோயாளி பொய் சொல்லவில்லை. மனச்சுமையை வெளியிட நாணுபவருக்கு உடல்வலியே வாயிலாக அமைகிறது.

இவ்வுண்மையை ஆராய்ந்தவர்களுள் மைக்கேல் பாலின்ற் குறிப்பிடத்தக்கவர். 1896இல் புடாபெஸ்ற் நகரிற் குடும்ப வைத்தியர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1939இல் இங்கிலாந்திற் குடியேறினார். 1950களில் இலண்டன் நகரின் ரவிஸ்ரொக் சிகிச்சை நிலையத்திற் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுவாகக் கூட்டினார். ஒருவர் தமக்கு விளங்காத நோயாளியைப் பற்றிப் பேசுவார். அந்நோயாளி கூறாமல் விட்டது யாது, வைத்தியர் கேளாமல் விட்டது யாது என்று ஏனையோர் ஆராய்வர்.

இதன் பயனாக 1957இல் நூலொன்று வெளிவந்தது. வைத்தியர் மிகுதியாக வழங்கும் மருந்து அவரே என்பது அதன் மையக் கருத்து. எனினும், ஏனைய மருந்துகளுக்கு அளவு கூறும் நூல்கள் உண்டு, இம்மருந்துக்கு அவ்வாறொன்றில்லை. ஆகவே, எப்பொழுது செவிமடுப்பது, எப்பொழுது அறிவுரை கூறாதிருப்பது என்பதை வைத்தியர் பயின்றே அறிதல் வேண்டும்.

“காத்திருப்போர் பலர், நேரம் ஏது?” என்று வைத்தியர் கேட்பது நியாயமே. ஆயினும், எழுதும் பேனாவைக் கீழே வைத்து, “வீட்டில் எல்லாம் எப்படி?” என்று வினவ ஒரு நிமிடம் போதும். அன்று முடியாததைத் தொடர, மறுநாளுக்கு வரச் சொல்லலாம். குடும்பத்தைப் பல்லாண்டு அறிந்தவருக்கு இது எளிது. கேட்டதை அவ்வீட்டாரிடமும் வெளியிடாதிருப்பது அவர் கடமை.

மிகக் கடினமான வினா ஒன்றுண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் எனப் பலர் அஞ்சுவர். அவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தெளிவாகக் கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றார். “ஆம்” என்ற விடை வருமாயின், வைத்தியர் அவரைத் தனியே அனுப்பலாகாது. நம்பிக்கைக்குரிய உறவினரை அழைத்தல், நஞ்சும் மிகுதியான மாத்திரைகளும் அவர் கைக்கு எட்டாதிருக்கச் செய்தல், மனநோய் நிபுணரிடம் தாமதமின்றிச் சேர்ப்பித்தல் ஆகியன அவர் செய்ய வேண்டியவை. உயிராபத்து இருக்கும்போது, இரகசியத்தைக் காப்பதிலும் உயிரைக் காப்பதே முதன்மையானது.

நேயர்களுக்கும் இதிற் பங்குண்டு. அடுத்தமுறை வைத்தியர் “வேறென்ன?” என்று வினவும்போது, “ஒன்றுமில்லை” என்று எழுந்துவிடாமல், உள்ளதைச் சொல்லலாம். பல வேளைகளிற் சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.