கோடீஸ்வரர் நல்லவராக இருக்க முடியுமா?

கோடி கோடியாகச் சேர்த்தவர் நல்லவராக இருக்க முடியுமா என்று நம் இளைஞர்கள் கேட்கிறார்கள். செல்வத்தைப் பற்றி மறுமையில் இரண்டு கேள்விகள் உண்டு என்று நபிகளார் (ஸல்) சொல்லித் தந்தார்கள்: எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய்? அவற்றை வைத்தே நாமும் பார்ப்போம்.

நல்வழியில் செலவழித்ததற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஹாஜி எம். ஜமால் முகமது சாகிபும் ஜனாப் என்.எம். காஜாமியான் ராவுத்தரும் 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியில் திருச்சி, ஸ்ரீரங்கம் பிள்ளைகள் சமய வேறுபாடின்றிப் படிக்கிறார்கள். நம் காலத்தில் விப்ரோ அதிபர் அசீம் பிரேம்ஜி, 2019 மார்ச்சில் அறிவித்ததையும் சேர்த்து, சுமார் 1,45,000 கோடி ரூபாயை அறப்பணிக்கு ஒதுக்கினார்.

ஆனால் எவ்வளவு பெரிய கொடையும் முதல் கேள்விக்குப் பதிலாகாது. தொழிலாளியின் கூலியைப் பிடித்து வைத்தவர், சகோதரியின் சொத்துப் பங்கைக் கொடுக்காதவர், பள்ளிவாசலுக்கு அள்ளிக் கொடுத்தாலும் அந்தக் கடன் தீராது.

ஜகாத்தோ கொடையே அல்ல. அது ஏழைகளின் உரிமை. ஜகாத்துக்குரிய பொருள் 1,000 கோடி என்றால் 25 கோடி கொடுக்க வேண்டும். அதன் பிறகும் 975 கோடி மிஞ்சும். நமக்கும் அதே 2.5 சதவீதம்தான். நிஸாபை எட்டி ஓராண்டு கையில் இருந்த 20 லட்சத்துக்கு 50,000 ரூபாய். ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமல் காக்க அது உதவும்.

கோடீஸ்வரர்களின் உள்ளத்தை அல்லாஹ் அறிவான். நம் வீட்டுக் கணக்கை ரமலானுக்கு முன் நாமே பார்த்துவிடுவோம்.