ஆளுக்கொரு மாடிப்படி

அமெரிக்காவின் அயோவா சிட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. நாய், பூனை என்றாலே கடுமையான ஒவ்வாமை உள்ள ஒரு பெண், அந்த ஒரு வரியை நம்பித்தான் அங்கே குடிவந்தார். பின்னால் வந்த இன்னொரு குடித்தனக்காரர், தன் மனநலப் பிரச்சினைக்குத் துணையாக நாய் வைத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவரின் கடிதத்தோடு வீட்டு உரிமையாளரிடம் கேட்டார்.

உரிமையாளர் தரப்பு மறுக்கவில்லை. மாநிலக் குடிமை உரிமைகள் ஆணையத்திடம் யோசனை கேட்டது. இருவருக்கும் வசதி செய்து கொடுக்க வேண்டும் என்றார் அங்கிருந்த அலுவலர். ஆளுக்கொரு மாடிப்படி ஒதுக்கினார்கள். அந்தப் பெண்ணுக்குக் காற்றைச் சுத்தப்படுத்தும் கருவியும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒவ்வாமை அடங்கவில்லை. ஒரு மாத வாடகையை இழப்பீடாகக் கேட்டு அவர் போட்ட வழக்கு, அயோவா உச்ச நீதிமன்றம் வரை போனது.

இந்த வழக்கில் பொய் சொன்னவர் யாரும் இல்லை. எமோஷனல் சப்போர்ட் அனிமல், அதாவது மனத்துணை விலங்கு என்றதும் ஏமாற்றும் குடித்தனக்காரரையோ ஈரமில்லாத ஹவுஸ் ஓனரையோதான் பலரும் நினைக்கிறார்கள். நோயாளிகள் இருவர், நடுவில் ஓர் உரிமையாளர் என்ற இந்த நிலைதான் விஷயத்தின் உண்மையான கடினத்தைக் காட்டுகிறது.

நம் ஊரில் நாய் கூடாது என்று உரிமையாளர் சொல்லிவிட்டால் பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்தது. அமெரிக்காவில் அப்படி முடித்துவிட முடியாது. 1968-இல் வந்த நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில், 1988-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான பாதுகாப்பும் சேர்ந்தது. உடல் குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ளவர் மற்றவர்களைப் போலவே ஒரு வீட்டில் வாழ்வதற்காக, விதியை நியாயமான அளவுக்குத் தளர்த்த வேண்டும் என்கிறது அது. பார்வையற்றவரை வழிநடத்தும் நாய்க்குத் தனிப் பயிற்சி உண்டு. மனத்துணை விலங்குக்கு அது தேவையில்லை. பக்கத்தில் இருப்பதே அதன் வேலை. சட்டத்தின் கண்ணில் அது செல்லப்பிராணியே அல்ல என்பதால், செல்லப்பிராணிக்கென்று வாங்கும் கூடுதல் வாடகையையும் தனி அட்வான்ஸையும் இதற்கு வாங்கக் கூடாது. கதவைப் பிறாண்டிப் பாழாக்கினால் அந்தச் செலவைக் குடித்தனக்காரரிடம் வசூலிக்கலாம். உரிமையாளரே குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத சிறு கட்டடங்களுக்கு மத்தியச் சட்டம் பெரும்பாலும் விலக்கு அளிக்கிறது.

கோரிக்கை வந்ததும் உரிமையாளர் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டுதான். கேட்பவருக்குக் குறைபாடு இருக்கிறதா? அதற்கும் இந்த விலங்குக்கும் தொடர்பு இருக்கிறதா? வெளியே தெரியாத குறைபாடு என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கடிதம் கேட்கலாம். நோயின் பெயரைச் சொல், சிகிச்சைக் கோப்பைக் காட்டு என்று வற்புறுத்த முடியாது. அந்தக் குறிப்பிட்ட நாய் யாரையாவது கடித்திருந்தால் மறுக்கலாம். அந்த இனமே பொல்லாதது என்ற பயம் மட்டும் காரணமாகாது. இங்கே சின்ன உரிமையாளரின் கவலையையும் சொல்லியாக வேண்டும். பிட் புல் போன்ற இனங்களைப் பட்டியலிட்டு ஒதுக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவர், ஒரு கையில் காப்பீட்டுப் பத்திரமும் மறு கையில் மருத்துவர் கடிதமுமாகத் திகைத்து நிற்பதில் வியப்பில்லை.

தயங்கி மறுத்தவர்கள் கொடுத்த விலையும் பெரிது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கியர்னி வளாகத்தில், பதற்ற நோயுள்ள ஒரு மாணவி இரண்டு கிலோகூட இல்லாத மினியேச்சர் பின்ஷர் நாயைக் குடியிருப்பில் வைத்துக்கொள்ளக் கேட்டார். பல்கலைக்கழகம் மறுத்தது. மாணவர் குடியிருப்பும் இந்தச் சட்டத்துக்குள் வரும் வீடுதான் என்று 2013-இல் நீதிமன்றம் சொன்னது. 2015-இல் 1,40,000 டாலர் கொடுத்துத்தான் வழக்கை முடிக்க முடிந்தது.

எனக்குக் கோபம் வருவது கடிதம் விற்பவர்கள்மீது. இணையத்தில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லிப் பணம் கட்டினால் கடிதம், சான்றிதழ், கழுத்துப் பட்டை எல்லாம் வந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட 'பதிவு' எதையும் சட்டம் கேட்கவே இல்லை. பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் இத்தகைய சான்றிதழை மட்டும் வைத்து நம்ப வேண்டியதில்லை என்று மத்திய வீட்டுவசதித் துறை 2020 ஜனவரியில் சொன்னது. கலிஃபோர்னியாவில் 2022 முதல், மனத்துணை நாய்க்குக் கடிதம் தரும் மருத்துவர் குறைந்தது 30 நாளாவது அந்த நபரைக் கவனித்து வந்திருக்க வேண்டும். பத்துப் போலிக் கடிதம் பார்த்த உரிமையாளர் பதினொன்றாவதையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். அந்தப் பதினொன்றாவது கடிதம், இரவில் தனியே தூங்க முடியாமல் தவிக்கும் ஒருவருடையதாக இருக்கலாம்.

அயோவா வழக்கில் 2020 ஜூன் 30 அன்று தீர்ப்பு வந்தது. முதலில் குடிவந்தவர் அந்தப் பெண். அவருடைய உடல்நலத்துக்கு ஆபத்து இருந்தது. ஆகவே அந்தக் கட்டடத்தில் நாயை அனுமதித்தது நியாயமான தளர்வு ஆகாது என்றது நீதிமன்றம். எல்லா வழக்குக்கும் இதே அளவுகோல் பொருந்தாது, பார்வையற்றவரின் பணி நாயாக இருந்தால் முடிவு வேறாகலாம் என்றும் எச்சரித்தது.

முன்னால் வந்தவருக்கு முன்னுரிமை என்பது எனக்கு முழு நிறைவைத் தரவில்லை. நோய் யார் முதலில் வந்தார் என்று பார்த்து வருவதில்லை. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். நாய் கூடாது என்ற அந்த வரி, கட்டடத்தில் ஒருவருக்கு மருந்தாக இருந்தது. கோரிக்கை வந்த அன்றே உரிமையாளர் மற்ற குடித்தனக்காரர்களிடம், கேட்டவர் யார் என்று சொல்லாமலே, யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று விசாரிக்கலாம். நாய் வந்து சேர்வதற்கு முன்பே வேறு கட்டடத்தில் இடம் தேடித் தரலாம். அயோவா சிட்டியில் மாடிப்படிகளைத்தான் பிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் கேட்ட ஒரு மாத வாடகை கிடைத்தது.