வரைபடத்தில் விடுபட்ட புள்ளிகள்

அறிவியல் தரவுகளை வரைபடமாக்குவது பக்கங்களுக்கு அழகூட்டும் வேலையன்று. எண்களிடையே உள்ள உறவைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் ஆய்வுப் பணி அது. அதில் நேரும் குறை உயிர்ப்பலிக்கும் இடமளிக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் 'சேலஞ்சர்' விண்ணோடம் சான்றாக உள்ளது.

1986 ஜனவரி 28 அன்று, ஃபுளோரிடாவிலிருந்து புறப்பட்ட 73ஆம் வினாடியில் அது சிதறிற்று, எழுவர் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்பை அடைக்கவேண்டிய ரப்பர் வளையம் குளிரில் நெகிழ்வை இழந்திருந்தது.

முந்தைய இரவே பொறியாளர்கள் குளிரைக் குறித்து எச்சரித்தனர். ஆயினும், அவர்கள் அனுப்பிய தாள்களில் ஒன்றேனும் முந்தைய பயணங்கள் அனைத்தின் வெப்பநிலையையும் வளையச் சேதத்தையும் ஒரே படத்தில் பொருத்திக் காட்டவில்லை. சேதமுற்ற பயணங்களை மட்டும் நோக்கியோருக்கு, குளிரிலும் சேதம், வெப்பத்திலும் சேதம் என்றே தோன்றிற்று.

பின்னர் ரோஜர்ஸ் விசாரணை ஆணையம் சேதமுறாத பயணங்களையும் புள்ளிகளாக இட்டது. உண்மை துலங்கிற்று. இணைப்பின் வெப்பநிலை 65 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குறைந்திருந்த 4 பயணங்களிலும் சேதம் நேர்ந்திருந்தது. 66 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே. சேலஞ்சர் புறப்பட்ட வேளையில் காற்றின் வெப்பநிலையோ 36 டிகிரி!

தெளிந்த வரைபடத்தின் இலக்கணத்தை இங்கே காணலாம். காரணம் கிடை அச்சிலும் விளைவு நிலை அச்சிலும் அமைதல் வேண்டும், அளவலகுகள் குறிக்கப்படவேண்டும், முடிவெடுக்க வேண்டிய நிலையும் அதே அச்சில் இடம்பெறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதுவும் நிகழாத நேர்வுகளை விலக்கலாகாது. சேதமின்மையும் ஒரு தரவே.