ஒரே சொல், வேறு பொருள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலச் சகோதர சகோதரிகள் நம்மோடு தோளோடு தோள் நின்று உழைக்கின்றனர். அவர்களுள் பலர் பேசும் இந்தியில் சில சொற்கள் நம் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கின்றன. பொருளோ முற்றிலும் வேறு.

நமக்கு 'ஆம்' என்பது சம்மதம். அவர்களுக்கு அது மாம்பழம். 'நான்' அங்கே ஒரு ரொட்டி. தலைமுடியைக் குறிக்கும் இந்திச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'பால்' என்றே வரும். நம் 'ப' இரண்டு ஒலிகளுக்கும் பொது அல்லவா? 'கல்' என்பது நேற்றும் ஆகும், நாளையும் ஆகும். வினைச்சொல்தான் எது என்று காட்டும்.

இவை தற்செயலான ஒற்றுமைகள். மனிதர் எழுப்பும் ஒலிகள் சில, சொற்களோ ஆயிரமாயிரம். எனவே சிறு சொற்கள் எங்காவது ஒத்துப்போகும். நம் 'சாவி'யும் இந்தியின் 'சாபி'யும் அப்படியல்ல. இரண்டுமே போர்த்துக்கீசியம் தந்தவை.

காய்ச்சலோடு வந்த தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசரிடம் 'கல்' என்கிறார். நேற்றே காய்ச்சல் என்கிறாரா, நாளை விடுப்புக் கேட்கிறாரா? முழுதும் கேளாமல் நாம் சிரித்துவிட்டால், அவருக்கு ஒரு நாள் கூலியே போகலாம்.

பெந்தக்கோஸ்து நாளில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலேயே கேட்டனர் (திருத்தூதர் பணிகள் 2:6). அந்த வரம் நமக்கு இல்லாவிட்டாலும், புரிந்துவிட்டது என்று எண்ணுமுன் இன்னொரு முறை அன்போடு கேட்க நம்மால் முடியுமே!