நாரி வலியும் செயற்கைத் தட்டும்

கல்முனைக் கடலோரத்தில் கரைவலை இழுப்பவருக்கும், மருதமுனையில் நாள் முழுதும் தறியில் குனிந்திருப்பவருக்கும், வயலில் நெல்மூடை சுமப்பவருக்கும் பொதுவான சொத்து ஒன்றுண்டு. அதுவே நாரி வலி. எண்ணெய் பூசியும் மாத்திரை விழுங்கியும் ஆண்டுகள் கழிந்தபின், பழுதான தட்டைக் கழற்றிச் செயற்கைத் தட்டுப் பொருத்தலாம் என்று கேள்விப்பட்டால் மனம் சபலப்படாதோ? எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவரின் வாப்பா, வயற்காணியை ஈடு வைத்தேனும் இந்தியாவுக்குச் சென்று இச்சிகிச்சையைச் செய்ய எண்ணியுள்ளார். "சேர், இது சரிவருமா?" என்று அவர் வினவினார். நாம் வைத்தியரல்லோம்; எனினும் கற்றறிந்ததைக் கூறுவோம்.

முள்ளந்தண்டின் எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் 23 தட்டுகள் உள்ளன. வெளியே நார்வளையம், உள்ளே கூழ். கூழில் நீர் வற்ற, தட்டுத் தேய்கிறது. அதை அகற்றி, மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றாகப் பிணைப்பதே பழைய சத்திரசிகிச்சை. அதன்பின் அவ்விடம் வளையாது. அயல் தட்டுகளின்மீது சுமை ஏறும்.

அசைவைக் காக்கும் பொருட்டு, சுவீடன் நாட்டு வைத்தியர் ஃபெர்ன்ஸ்ட்ரோம் 1950களின் பிற்பகுதியில் உருக்குக் குண்டுகளை வைத்துப் பார்த்தார். பலரில் அக்குண்டு எலும்புக்குள்ளேயே அமிழ்ந்துவிட்டது! பின்னர் 1984இல், கிழக்கு பெர்லினின் ஷரிட்டே வைத்தியசாலையில், இரு உலோகத் தகடுகளும் இடையே வழுக்கும் பிளாஸ்டிக்கும் கொண்ட தட்டுப் பிறந்தது. அதை ஆக்கிய இருவருள் ஒருவரான கரின் பியூட்னர் யான்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சீருடற்பயிற்சியில் இரு தங்கப்பதக்கம் வென்ற பெண்மணி. உடல் வளைவதன் அருமையை அவரினும் அறிந்தார் யாவர்? அமெரிக்கா அத்தட்டை 2004இல் அங்கீகரித்தது. பிற்காலத்தில் வேறு வகைகளும் வந்தன.

ஆயினும் இது எல்லார்க்கும் ஏற்றதன்று. ஓரிரு தட்டுகளே பழுதாகியிருத்தல் வேண்டும். எலும்பு வலுவிழந்தோர்க்கும், முள்ளெலும்பின் பின்மூட்டுகள் தேய்ந்தோர்க்கும், எலும்பு முன்னே நழுவியோர்க்கும் ஆகாது. நாரியில் பொருத்துவதற்கு வயிற்றுப் பக்கமாகவே திறப்பர். பெரிய இரத்தக்குழாய்கள் அருகிலேயே உள்ளன.

காணியை ஈடு வைக்குமுன் அறியவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. 2011இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில், ஒரு சாரார்க்குச் செயற்கைத் தட்டு வைத்தனர்; மறு சாரார்க்கு முறையான உடற்பயிற்சியும் அறிவுரையும் அளித்தனர். ஈராண்டின்பின் தட்டு வைத்தோர் சற்று முந்தினர். ஆனால் பயிற்சி பெற்றோரும் நன்கு தேறியிருந்தனர். வித்தியாசம் சிறிதே. ஆதலால், தேர்ந்த பயிற்சியாளரிடம் சில மாதமேனும் ஒழுங்காகப் பயின்றபின் சத்திரசிகிச்சையை எண்ணலாம் என்பதே எமது கருத்து. வலி அத்தட்டிலிருந்தே எழுகிறதா என்றும் வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். படத்தில் தேய்ந்து தோன்றும் தட்டுகள் வலியே இல்லாதோரிடமும் உண்டு.

ஆனால் கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, மறைவிடம் மரத்துப்போனாலோ பயிற்சி, எண்ணெய் என்று காத்திராது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.