ஆகாயத்தாமரையைப் பாடிய நூலகர்

நம் ஊர் ஏரியில் ஆகாயத்தாமரை பரவிவிட்டால் பொக்லைன் வரவழைத்து அள்ளிக் கரையில் கொட்டுகிறோம். ஐராவதி ஆற்றின் கழிமுகத்திலும் அந்தச் செடி உண்டு. கடல் ஏறும்போது உள்ளே வரும், வற்றும்போது வெளியே போகும்; நாள் முழுக்க அலைச்சல்தான். பர்மியர்கள் அதை 'பேடா' என்கிறார்கள். தலையில் ஊதாப் பூச் சூடிய பெண்ணாக அதைப் பார்த்து ஒரு கவிஞர் எழுதினார். அலை வந்து மோதுகிறது. வாத்துக் கூட்டம் மேலேறி அமுக்குகிறது. மூழ்கியவள் மறுபடி எழுகிறாள். எழும்போது பூ தலையிலேயே இருக்கிறது. பர்மிய மொழியின் மிகப் புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்று இது.

எழுதியவர் ஸோஜி. இயற்பெயர் தெய்ன் ஹான். 1907 ஏப்ரலில், கழிமுகத்து ஊரான பியாப்போனில் பிறந்தவர். தண்ணீரும் நெல்வயலும் படகுமாக இருக்கும் ஊர் அது. ஸோஜி என்பது பர்மியப் பொம்மலாட்டத்தில் சிவப்பு உடையும் கையில் கோலுமாக ஆடிவரும் ரசவாதியின் பெயர். நம் சித்தர்களுக்குக் கிட்டத்து உறவுக்காரன். அந்தப் பெயரைச் சூடிக்கொண்டவர் கவிஞராகவும் விமர்சகராகவும் இலக்கிய வரலாற்றாளராகவும் விளங்கினார்; யாங்கோன் (பழைய ரங்கூன்) பல்கலைக்கழகத்தின் நூலகராகவும் இருந்தார். 1990 செப்டம்பரில் மறைந்தார்.

ரங்கூன் என்றால் நமக்கு அரிசி, தேக்கு, செட்டியார் கடைகள், 1942இல் போருக்கு அஞ்சி நடந்தே திரும்பிய பயணம், அறுபதுகளில் கப்பலேறித் திரும்பியவர்கள், அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ். 1931 கணக்கெடுப்பில் அந்த நகரத்தின் நான்கு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழரும் தெலுங்கரும் வங்காளிகளும் குஜராத்திகளும் தத்தம் மொழியில் வாழ்ந்தார்கள். தத்தம் மொழியில் பத்திரிகையும் நடத்தினார்கள். அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், பர்மிய மொழி தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அத்தனை காலம் அங்கே வாழ்ந்த நாம் அந்தக் கவிஞர்களின் பெயரைக்கூட வீட்டுக்கு எடுத்துவரவில்லை. இந்தக் குறை என்னை உறுத்துகிறது. ஸோஜியைப் படிக்கப் படிக்க அது பெரிதாகிறது.

ரங்கூன் பல்கலைக்கழகம் 1920இல் தொடங்கியபோது அது ஆங்கிலத்தின் கோட்டை. பர்மிய இலக்கியத்தை அங்கே உயர்கல்விப் பாடமாக நிலைநிறுத்தியவர் பேராசிரியர் பே மவுங் டின். லூஸ் என்ற ஆங்கிலேய அறிஞரோடு சேர்ந்து 'கண்ணாடி அரண்மனை வரலாறு' என்ற அரச நூலை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். மாணவர்களை அவர் பாகான் காலக் கல்வெட்டுகளிடம் அழைத்துப் போனார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட மியாஸேடி கல்வெட்டு பியூ, மோன், பாலி, பர்மியம் என நான்கு மொழிகளில் ஒரே செய்தியைச் சொல்கிறது. அந்தப் பழைய பர்மிய உரைநடையில் ஜோடனை கிடையாது. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார். வாக்கியம் அங்கேயே முடிந்துவிடும். (பாகானில் நம் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மலைமண்டலத்து வணிகர் ஒருவர் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபம் எடுத்த செய்தி அதில் இருக்கிறது.)

பின்னால் வந்த அரசவைப் புலவர்கள் பாலிச் சொற்களையும் அடைமொழிகளையும் அடுக்கிக்கொண்டே போனார்கள். கல்வெட்டின் சுருக்கத்தைப் பார்த்துப் பழகிய இளைஞர்களுக்கு அந்த நடை கனத்தது. ஸோஜி, மின் து வுன், தெய்ப்பன் மவுங் வா ஆகிய மூவரும் இப்படித்தான் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள் இயக்கத்துக்குக் 'கிட்ஸான்' என்று பெயர். காலத்தைச் சோதித்துப் பார்ப்பது என்பது அதன் கருத்து. ஃபர்னிவால் என்ற ஆங்கிலேயர் முன்னின்று தொடங்கிய 'புத்தக உலகம்' இதழ் அவர்களுக்கு இடம் கொடுத்தது. 1934இல் கிட்ஸான் தொகுப்புகள் வெளிவரத் தொடங்கின.

அந்த ஆண்டைத் தமிழ் வாசகர் கவனிக்க வேண்டும். சென்னையில் 'மணிக்கொடி' வந்துகொண்டிருந்த காலம். ந. பிச்சமூர்த்தியின் முதல் புதுக்கவிதை அதில் வெளியானதும் 1934இல்தான். வங்கக் கடலின் இரு கரையிலும் இளைஞர்கள் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வேலையில் இறங்கியிருந்தார்கள். அதே ஆண்டு ஸோஜி மோலியேரின் ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பர்மியச் சூழலுக்கு மாற்றி எழுதி வெளியிட்டார். திடீர்ப் பணக்காரர் ஒருவர் பெரிய மனிதராக ஆசைப்படும் கதை. தான் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தது உரைநடை என்று தெரிந்து அவர் வாய்பிளக்கும் காட்சி மூலத்தில் புகழ்பெற்றது. உரைநடையை மக்கள் பேச்சுக்கு அருகே கொண்டுவர முயன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் கிடைத்திருக்காது.

பிச்சமூர்த்தி யாப்பை விட்டு வெளியே வந்தார். ஸோஜி வரவில்லை. பர்மியக் கவிதையின் மரபான அடிக்கு நான்கு அசை. முதல் அடியின் நான்காம் அசை, அடுத்த அடியின் மூன்றாம் அசை, அதற்கடுத்த அடியின் இரண்டாம் அசை ஆகியவை ஒலியால் இயையும். படிக்கட்டில் கால்வைத்து இறங்குவதுபோல் காது அடிக்கு அடி ஒரு அசை முன்னே நகரும். ஸோஜி இந்த இசையைக் காப்பாற்றிக்கொண்டு, அதன்மேல் ஏறியிருந்த பட்டாடையைக் கழற்றினார். என் பார்வையில் இது உடைப்பதைவிடக் கடினமான வேலை. பர்மியத்தில் வசன கவிதை வேரூன்ற இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அவருடைய தொடக்கக் காலக் கவிதைகளில் ஒன்று படவுக் பூவைப் பற்றியது. இது நம் வேங்கையின் இனத்து மரம். திங்யான் என்னும் புத்தாண்டு நீர்விழா ஏப்ரல் நடுவில் வரும். அதையொட்டி முதல் மழை விழுந்ததும் படவுக் மரம் ஒரே இரவில் பொன்னாகப் பூத்துவிடும். அநேகமாக ஒரு நாள்தான், மறுநாள் தெருவெல்லாம் உதிர்ந்து கிடக்கும். அன்று யாங்கோன் பெண்கள் கொண்டையில் அந்தக் கொத்தைச் சூடிக்கொண்டு போவார்கள். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப் பூவைப் புலியென்று மயங்கும் குறிஞ்சிப் பாட்டுகளைப் படித்த நமக்கு, இந்தக் கவிஞன் நிற்கும் மரத்தடி அந்நியமாக இருக்க முடியாது.

விமர்சகர் ஸோஜி கவிஞர் ஸோஜிக்கு எந்த வகையிலும் இளைத்தவரல்ல. தக்கின் கோடோ மைங் என்ற பெருங்கவி, விடுதலை இயக்கத்தின் மூத்தவர், 'டீகா' என்ற பெயரில் நீண்ட நூல்கள் எழுதினார். உரைநூலைக் குறிக்கும் பழைய சொல் அது. மயில், குரங்கு, நாய் என்று எதை எடுத்தாலும் அதற்கு உரை எழுதுவதுபோலத் தொடங்கி, காலனி அரசியலைக் கிழித்துப் போடுவார். செய்யுளும் வசனமும் புராணமும் ஏளனமும் கலந்த அந்த எழுத்துக்குள் புதிய வாசகன் எளிதில் நுழைய முடியாது. உரை எழுதியவருக்கே ஓர் உரை எழுதினார் ஸோஜி: 'தக்கின் கோடோ மைங் டீகா'. எளிமையை வற்புறுத்திய இயக்கத்தின் தலைவர், தன் நடைக்கு நேர் எதிரான ஒருவரை இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கிறார். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் பெற்ற மொழிக்கு அந்தப் பொறுமையின் மதிப்பு புரியும். ரசக் கோட்பாட்டைப் பர்மிய வாசகருக்கு அறிமுகப்படுத்தியும் அவர் ஒரு நூல் எழுதினார். நம் தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்று வகுத்ததே, அதே ஆராய்ச்சிதான்.

அந்தத் தலைமுறைக்கு இப்படி இரட்டை வேலை விதிக்கப்பட்டிருந்தது போலும். குஜராத்தியில் உமாசங்கர் ஜோஷி கவிதையும் எழுதினார், விமர்சனமும் எழுதினார், 'சம்ஸ்கிருதி' இதழையும் நடத்தினார்; 1967இல் ஞானபீடம் பெற்றார். நம்மிடம் க.நா.சு.வும் சி.சு. செல்லப்பாவும் இருந்தார்கள். எழுதினால் மட்டும் போதாது, அதைப் படிக்கக்கூடிய வாசகனையும் உருவாக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லோருக்கும் பொது. ஸோஜிக்கு அதற்கு இன்னொரு வழியும் வாய்த்தது. முப்பதுகளின் இறுதியில் லண்டனிலும் டப்ளினிலும் நூலகவியல் படித்துத் திரும்பினார். திரும்பியதும் போர். 1941 டிசம்பர் 23இல் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. பல்கலைக்கழக நூலகம் போரில் பேரழிவைக் கண்டது. அமைதி வந்தபின் அதை மறுபடி நிமிர்த்தும் பொறுப்பு, புத்தகத்தையே வாழ்வாகக் கொண்ட இவர்மேல் விழுந்தது.

தோழர் தெய்ப்பன் மவுங் வா மிஞ்சவில்லை. ஆக்ஸ்போர்டில் படித்த ஐ.சி.எஸ். அதிகாரி அவர், மவுங் லூ ஏ என்ற பாத்திரத்தின் வழியே மாவட்ட அதிகாரி கண்ட கிராமங்களைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதியவர். 1942இல் குடும்பத்தோடு வடக்கே ஒதுங்கியிருந்தபோது கொள்ளையர் கையில் இறந்தார். கடைசி மாதங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியோடு நடந்தே இந்தியா வந்து சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். அதை 'பர்மா வழிநடைப் பயண'மாக எழுதினார். ஒரே நகரம் சிதறியதை ஒரு பர்மியரும் ஒரு தமிழரும் எழுதிய இந்த இரண்டு நூல்களையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

மூன்றாமவர் மின் து வுன் குழந்தைப் பாடல்களால் வீடுதோறும் புகுந்தவர். 1990 தேர்தலில் ஆங் சான் சூ கீயின் கட்சி வேட்பாளராக யாங்கோனில் வென்றார். அந்த நாடாளுமன்றம் கூட்டப்படவே இல்லை. அவர் 2004இல் இறந்தார். மகன் டின் ச்சோ 2016இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இவர்களைத் தமிழுக்குக் கொண்டுவர ஆங்கிலத்தைச் சுற்றிப் போகவேண்டிய அவசியம் இல்லை. பர்மியப் பள்ளியில் படித்துவிட்டு அறுபதுகளில் திரும்பியவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் மணிப்பூரின் மோரேயிலும் இருக்கிறார்கள். இரண்டு மொழியும் வாயில் உள்ள அந்தத் தலைமுறைக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஒரு கவிஞரும் ஒரு பதிப்பாளரும் இந்த ஆண்டே அவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். முதலில் ஆகாயத்தாமரைக் கவிதை. அடுத்து மின் து வுன்னின் குழந்தைப் பாடல்கள். கோடோ மைங்குக்கு ஸோஜி எழுதிய உரை பெரிய வேலை, அதற்குப் பல ஆண்டு பிடிக்கும். அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.